குப்பைக்குக் கூலி: கழிவு மீட்பில் புத்தொழில் நிறுவனங்களின் கணக்கு

சுழற்சிப் பொருளாதாரம் என்பது மண்ணிலிருந்து ஒரு முறை எடுத்த பொருளைக் குப்பைமேட்டில் முடியவிடாமல், பழுதுபார்த்தும் மறுபடி பயன்படுத்தியும் உருக்கி வார்த்தும் புழக்கத்திலேயே வைத்திருக்கும் ஏற்பாடு. சுவிட்சர்லாந்தின் கட்டடக் கலைஞர் வால்டர் ஸ்டாஹெல் 1976-இல் ஐரோப்பிய ஆணையத்துக்காக இணைந்து எழுதிய ஆய்வறிக்கையில் இந்த எண்ணம் வேலைவாய்ப்பு, எரிசக்தி பற்றிய பொருளாதாரக் கணக்காகவே முன்வைக்கப்பட்டது. பின்னாளில் எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை அதை இரண்டு சிறகுகள் கொண்ட வண்ணத்துப்பூச்சிப் படமாக வரைந்து பரப்பியது. ஒரு சிறகில் உலோகம், பிளாஸ்டிக், கண்ணாடி; மறு சிறகில் உணவு, மரம், பருத்தி என மண்ணுக்குத் திரும்பக்கூடியவை. படத்தில் இரு சிறகுகளும் ஒரே அளவு. இந்திய வீடுகளின் குப்பையிலோ எடையில் ஏறக்குறையப் பாதி மக்கும் குப்பை. அதிலும் பெரும்பகுதி தண்ணீர்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி நாட்டில் நாளொன்றுக்குச் சுமார் 1.60 லட்சம் டன் நகரக் குப்பை சேர்கிறது. அதில் பதப்படுத்தப்படுவது ஏறத்தாழ 80,000 டன்; முறையான நிரப்புக் கிடங்குக்குப் போவது 29,000 டன். மிச்சமுள்ள சுமார் 50,000 டன் எங்கே போகிறது என்பதற்குத் தெருமுனையும் வாய்க்காலும் ஏரிக்கரையும்தான் பதில். இந்த இடைவெளியைத் தொழில் வாய்ப்பாகப் பார்க்கும்படி இளம் நிறுவனங்களை அரசே அழைத்தது. 2022 ஜனவரியில் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம், பிரெஞ்சு வளர்ச்சி முகமையுடன் சேர்ந்து தூய்மைப் புத்தொழில் போட்டியை அறிவித்தது. தேர்வாகும் நிறுவனத்துக்கு 25 லட்சம் ரூபாய் தொடக்க நிதியும் ஓராண்டு வழிகாட்டுதலும் உண்டு என்றது. வழிகாட்டும் பொறுப்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வில்க்ரோ அமைப்பிடம் தரப்பட்டது.

இத்தகைய மேடைகளில் முன்வைக்கப்படும் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே எண்ணத்தில் தொடங்குகின்றன: கச்சாப்பொருள் இலவசம். குப்பை எங்கும் கிடைக்கிறது, யாருக்கும் வேண்டாம், ஆகவே அதிலிருந்து எது செய்து விற்றாலும் லாபம் என்பது அதன் தர்க்கம். இந்தக் கணக்கில்தான் பிழை. யாருக்கும் வேண்டாத பொருளின் விலை பூஜ்யம் அல்ல, பூஜ்யத்துக்கும் கீழே. அதைத் தன்னிடமிருந்து அகற்ற யாராவது பணம் கொடுத்தாக வேண்டும். அந்தக் கூலியை யார் கொடுப்பது, குப்பை எவ்வளவு சுத்தமாக வந்து சேரும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் ஒரு கழிவு மீட்பு நிறுவனத்தின் எதிர்காலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். இயந்திரம் மூன்றாவது கேள்விதான்.

ஈரக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் தொழிலில் இதைத் துல்லியமாகக் காணலாம். காற்றுப் புகாத கலனில் நுண்ணுயிர்கள் உணவுக் கழிவைப் படிப்படியாகச் சிதைக்கின்றன. முதலில் மாவும் புரதமும் கொழுப்பும் கரைகின்றன, பிறகு அமிலங்களாகின்றன, கடைசியில் மீத்தேன் உண்டாக்கும் உயிரிகள் அந்த அமிலங்களைத் தின்று வாயுவை வெளியிடுகின்றன. இந்தக் கடைசிக் கூட்டம் மெதுவாக வளர்வது, புளிப்பைத் தாங்காதது. ஒரே நாளில் அளவுக்கு மீறி உணவைக் கொட்டினால் அமிலம் முந்திக்கொள்ளும், கலன் புளித்துப்போகும், மறுபடி நிலைக்குக் கொண்டுவரப் பல வாரங்கள் ஆகும். கல்யாண மண்டபம் நிரம்பும் முகூர்த்த நாளின் குப்பையும் ஆடி மாதத்துக் குப்பையும் ஒரே அளவில் வருவதில்லை என்பதால், கலனை இயக்குபவருக்கு உயிரியல் அறிவைவிட வரத்தைச் சீராக்கும் சாமர்த்தியம் அதிகம் தேவைப்படுகிறது. வெளிவரும் வாயுவில் மீத்தேன் 50 முதல் 65 விழுக்காடு. மிச்சம் பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. இவற்றை நீக்கி மீத்தேனை 90 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தி அழுத்தினால்தான் அது வாகனங்களில் ஓடும் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு ஆகும்.

தொழில்நுட்பம் புதிதல்ல. சென்னை கோயம்பேடு காய்கறிச் சந்தையில் நாளொன்றுக்கு 30 டன் கழிவைச் செரிக்கும் ஆலை 2005 வாக்கிலேயே நிறுவப்பட்டது. அதற்கும் முன்னால் லக்னோவில் 5 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நோக்கத்துடன் ஒரு பெரிய ஆலை எழுந்தது. நகரம் அனுப்பிய குப்பையில் மண்ணும் கல்லும் கட்டட இடிபாடும் கலந்து வந்தன. ஆலை வெகுகாலம் ஓடவில்லை.

லக்னோவில் நின்றுபோனது இந்தூரில் ஓடுகிறது. 2022 பிப்ரவரி 19 அன்று திறக்கப்பட்ட இந்தூர் ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவை ஏற்கும் கொள்ளளவு கொண்டது. 17,000 கிலோ எரிவாயுவும் 100 டன் இயற்கை உரமும் தரும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. செரிமானக் கலன்களின் தொழில்நுட்பத்தைத் தந்தது பெங்களூருவின் ஜிபிஎஸ் ரினியூவபிள்ஸ். 2012-இல் தொடங்கிய அந்த நிறுவனம் முதலில் விற்றது, பெரிய சமையற்கூடங்களின் கொல்லையில் வைக்கத்தக்க சிறிய எரிவாயுக் கலன்களை. சமையற்கூடத்துக் கழிவில் கலப்படம் குறைவு, அதை அகற்றும் செலவும் உரிமையாளருடையது. நுண்ணுயிர்களின் போக்கைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருக்காது.

இந்தூரின் எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். ஒரு டன் கழிவுக்குக் கிடைப்பது சுமார் 31 கிலோ எரிவாயு. உயிரி எரிவாயு ஆலைகளைப் பெருக்க 2018 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சதத் (SATAT) திட்டத்தில் எண்ணெய் நிறுவனங்கள் கொடுக்க முன்வந்த விலை கிலோவுக்கு 46 ரூபாய். அந்த விலையில் ஒரு டன் குப்பையின் வாயு 1,426 ரூபாய் பெறும். ஆலை ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட நிற்காமல் முழு அளவில் ஓடினால் வாயு விற்பனை 28.5 கோடி ரூபாய். முதலீடோ 150 கோடி. அத்தனையும் 10 விழுக்காடு வட்டிக்கு வாங்கிய கடன் என்று வைத்துக்கொண்டால் வட்டி மட்டும் 15 கோடி. மிச்சத்தில் மின்சாரம், ஆள்கூலி, பராமரிப்பு, அசலின் தவணை. இந்தூர் மாநகராட்சியுடனான ஒப்பந்தப்படி ஆலை நடத்துபவர் அதற்கு ஆண்டுதோறும் 2.5 கோடி ரூபாய் கொடுக்கவும் வேண்டும். குப்பைக்குக் கூலி வாங்குவதற்குப் பதிலாகக் குப்பைக்கு விலை கொடுக்கும் அரிய ஏற்பாடு இது.

இது நடக்கக் காரணம், மாநகராட்சி தன் பங்குக்கு மூன்றைச் செய்திருப்பதுதான். வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்கப்பட்ட ஈரக் கழிவை மட்டும் ஆலைக்கு அனுப்புகிறது; நிலம் தந்தது; உற்பத்தியாகும் வாயுவில் குறைந்தது பாதியை நகரப் பேருந்துகளுக்கு வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. 2017 முதல் தூய்மைக் கணக்கெடுப்பில் தொடர்ந்து முதலிடம் பெற்ற நகரம் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய வீட்டுப் பழக்கம் அந்த 550 டன்னுக்குள் இருக்கிறது. நிறுவனத்தின் விளக்கப் படங்களில் அந்த உழைப்பு செலவாகத் தோன்றாது. ஆனால் அதே கலனை வேறொரு ஊரில் வைத்தால் முதல் மாதத்திலேயே தோன்றிவிடும். சதத் திட்டம் 2023-க்குள் 5,000 ஆலைகள் என்று இலக்கு வைத்து, அதில் சிறு பகுதியையே எட்டியதற்கும் கச்சாப்பொருளின் தரமும் வரத்தும் முக்கியக் காரணங்கள்.

வாயு போனபின் மிஞ்சும் சக்கையும், நேரடியாக மட்க வைத்த குப்பையும் உரமாகின்றன. உரம் செய்வது எளிது. ஈரப்பதமும் காற்றும் சரியாக இருந்து, கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் இடையிலான விகிதம் 25-லிருந்து 30-க்குள் அமைந்தால் குவியல் தானாகவே 55 டிகிரிக்கு மேல் சூடேறிக் களை விதைகளையும் நோய்க்கிருமிகளையும் அழித்துவிடும். விற்பதுதான் கடினம். மானிய விலையில் 45 கிலோ யூரியா மூட்டை வரி நீங்கலாக 242 ரூபாய். அதில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் குப்பை உரத்துக்குக் கேட்கும் குறைந்தபட்சத் தழைச்சத்து 0.8 விழுக்காடு, ஆகவே அதே அளவு சத்துக்கு சுமார் 2.6 டன் உரம் வேண்டும். ஒன்றைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோகலாம். இன்னொன்றுக்கு டிராக்டரும் இறக்க ஆளும் தேவை. மண்ணின் கட்டமைப்பையும் நீர்ப்பிடிப்பையும் கூட்டும் குணம் உரத்துக்கு உண்டு, யூரியாவுக்கு இல்லை. அந்த நன்மை பல பருவங்கள் கழித்தே தெரியும்; குத்தகைக்கு உழும் விவசாயி அதுவரை காத்திருக்க முடியாது. 2016-இல் மத்திய அரசு டன்னுக்கு 1,500 ரூபாய் விற்பனை உதவித்தொகை அறிவித்தது. கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் என்பது போக்குவரத்தில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டும். இதோடு கண்ணாடிச் சில்லும் ஈயமும் காட்மியமும் பற்றிய நியாயமான பயமும் சேர்கிறது. கலந்த குப்பையிலிருந்து செய்த உரத்தை வாங்கிக் காலில் சில்லு குத்திக்கொண்டவர் இரண்டாம் முறை வாங்குவதில்லை.

கூலி யார் தருவது என்ற கேள்விக்குப் பெங்களூரு வேறு விடை கண்டது. 2012-இல் மாவள்ளிபுரா கிடங்கு மூடப்பட்டு, மண்டூர் கிராமத்தார் தங்கள் ஊருக்கு வந்த லாரிகளை எதிர்த்துப் போராடத் தொடங்கியபின், பெரிய அடுக்ககங்களும் உணவகங்களும் தங்கள் குப்பைக்குத் தாங்களே பொறுப்பு என்று மாநகராட்சி அறிவித்தது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குபவரைப் பெருங்கழிவாளர் என வரையறுத்து, ஏறத்தாழ இதே பொறுப்பை நாடு முழுவதற்கும் விரித்தன. சாஹஸ் ஜீரோ வேஸ்ட், ஹசிரு தளா இன்னோவேஷன்ஸ் போன்றவை வளர்ந்தது இந்தச் சட்ட இடுக்கில்தான். அடுக்ககம் மாதக் கட்டணம் கொடுக்கிறது. நிறுவனம் பிரித்த குப்பையை எடுத்துப்போய்ப் பதப்படுத்துகிறது. சரியாகப் பிரிக்காத நாளில் எடுக்க மறுக்கவும் முடியும். வருமானத்தின் அடிப்படை கட்டணம். உரமும் வாயுவும் காகிதமும் விற்ற பணம் அதற்கு மேல் வருவது. ஹசிரு தளா குப்பை பொறுக்கும் தொழிலாளர்களின் அமைப்பிலிருந்து கிளைத்தது என்பதும் கவனத்துக்குரியது. நெகிழியின் வகையை விரலால் தடவியே சொல்லிவிடும் அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

இந்தக் கட்டணத்தையே வேண்டாமென்று சொல்வது வீட்டிலேயே மட்க வைக்கும் முறை. பூனம் பீர் கஸ்தூரி 2006-இல் பெங்களூருவில் தொடங்கிய டெய்லி டம்ப், மூன்றடுக்கு மண்பானையை விற்கிறது. லாரி இல்லை, நிலம் இல்லை, தரம் பிரிக்கும் பிரச்சினை இல்லை. சமைத்த கையே பிரித்தும் போடுகிறது. முதலீட்டாளருக்கு மயக்கம் தரும் வளர்ச்சி வரைபடத்தை மண்பானையால் வரைய முடியாது. ஆனால் டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிட்டால் நகரத்துக்கு இதைவிட மலிவான வழி அதிகம் இல்லை.

சுத்தமான கழிவு ஒரே இடத்தில் கிடைத்தால் மதிப்பு எவ்வளவு உயரலாம் என்பதற்குக் கான்பூரின் பூல் நிறுவனம் நல்ல சான்று. கோயில்களில் சாற்றிய பூக்கள் பூச்சிமருந்தின் எச்சத்தோடு கங்கையில் கொட்டப்படுவதைப் பார்த்து அங்கித் அகர்வால் தொடங்கிய முயற்சி, கான்பூர் ஐஐடியின் ஆதரவில் வளர்ந்தது. பூவைக் கழுவி உலர்த்திப் பொடியாக்கிக் கரி சேர்க்காத ஊதுபத்தி செய்கிறார்கள். அங்கிருந்து பூக்கழிவில் நுண்ணுயிர்களை வளர்த்துத் தோலுக்கு மாற்றான ஒரு பொருளை உருவாக்கும் ஆய்வும் கிளைத்தது. உரமாக்கினால் கிலோவுக்குச் சில ரூபாய் பெறும் பொருள், ஊதுபத்தியானால் பல மடங்கு பெறுகிறது. இதற்கு எல்லையும் உண்டு. நகரக் குப்பையில் பூவின் பங்கு மிகச் சிறியது. அழகான கதையும் நல்ல தொழிலும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால் போட்டி மேடைகளில் இத்தகைய முயற்சிகள் எளிதில் பரிசு பெறுகின்றன. சந்தைக்குப் பின்னால் குவியும் அழுகிய தக்காளிக்கும் உணவகத்தின் எண்ணெய்க் குழம்புக்கும் அதே அளவு கவனம் கிடைப்பதில்லை.

பூச்சிகளைக் கொண்டு கழிவைத் தின்னவைப்பது கடந்த பத்தாண்டுகளில் பெருமுதலீட்டை ஈர்த்த யோசனை. பிளாக் சோல்ஜர் என்னும் ஈயின் புழுக்கள் இரண்டு வாரங்களில் தங்களுக்கு இடப்பட்ட உணவுக் கழிவின் எடையைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடும். உலர்ந்த புழுவில் புரதம் ஏறத்தாழ 40 விழுக்காடு. மீனுக்கும் கோழிக்கும் தீவனமாகும். ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிப் புரதத்தை 2017-இல் மீன் தீவனத்துக்கும் 2021-இல் கோழி, பன்றித் தீவனத்துக்கும் அனுமதித்தது. ஆனால் அதன் சட்டத்தில் வளர்க்கப்படும் புழுவும் ஒரு பண்ணை விலங்கு. மாட்டுக்குக் கொடுக்கக் கூடாத உணவகக் கழிவைப் புழுவுக்கும் கொடுக்கக் கூடாது. விளைவாக, குப்பையைத் தின்னவேண்டிய புழு கோதுமைத் தவிட்டைத் தின்கிறது. தவிட்டுக்கு மாட்டுத் தீவனச் சந்தையில் விலை உண்டு. மாவுப்புழு வளர்ப்பில் 50 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டிய பிரான்ஸின் இன்செக்ட் நிறுவனம் 2024-இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பைக் கோர நேர்ந்தது. வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். கச்சாப்பொருளை விலை கொடுத்து வாங்கி, மலிவான மீன்தூளோடும் சோயாப் பிண்ணாக்கோடும் போட்டியிட வேண்டியிருந்தது அவற்றில் அடிப்படையானது. கோதுமைத் தவிட்டைத் தின்னும் புழுவுக்குச் சுழற்சிப் பொருளாதாரத்தில் என்ன வேலை என்ற கேள்வியும் இருக்கிறது.

உலர் குப்பையின் நிலைமை தலைகீழ். அங்கே பொருளுக்கு ஏற்கெனவே விலை உண்டு. வாங்க ஆளும் உண்டு. காகிதம், பெட் பாட்டில், அலுமினியம் ஆகியவை வீட்டிலிருந்து பழைய பேப்பர்காரருக்கும், அங்கிருந்து காயலான் கடைக்கும், பிறகு மொத்த வியாபாரிக்கும் போகின்றன. இடைத்தரகரை நீக்கிச் செயலி மூலம் வீட்டிலேயே வாங்குகிறோம் என்று கிளம்பிய நிறுவனங்கள் இந்தச் சங்கிலியின் மலிவைக் குறைத்து மதிப்பிட்டன. ஒரு வீட்டில் 8 கிலோ தாள் கிடைக்கிறது, கிலோவுக்கு 3 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நடைக்கு வருவது 24 ரூபாய். பெட்ரோலும் ஆள்கூலியும் அதை விழுங்கிவிடும். தள்ளுவண்டிக்காரருக்கு அந்தத் தெரு முழுவதும் ஒரே நடை. சென்னையின் கபாடிவாலா கனெக்ட் இந்தப் பாடத்தை முன்கூட்டியே படித்தது எனலாம். காயலான் கடைகளோடு போட்டியிடாமல் அவற்றை வரைபடமாக்கி, அவற்றின் வழியாகவே பொருளைத் திரட்டும் முறையை அது வகுத்தது.

பிளாஸ்டிக்கில் இடைவெளி இருப்பது சேகரிப்பில் அல்ல, தரத்தில். பெட் துணுக்கைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். மூடியின் பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். இரண்டையும் எளிதில் பிரிக்கலாம். பாட்டிலைச் சுற்றிய லேபிள் பிவிசி என்றால் அதுவும் பெட்டோடு மூழ்கும். உருக்கும்போது 270 டிகிரியை ஒட்டிய சூட்டில் பிவிசி சிதைந்து அமிலத்தை உமிழ, மொத்த வார்ப்பும் மஞ்சளித்து வலுவிழக்கும். ஒரு மூட்டையில் ஓரிரு லேபிள்கள் போதும். 2013-இல் ஹைதராபாத்தில் மணி வாஜிபேயும் ராஜ் மதன்கோபாலும் தொடங்கிய பான்யன் நேஷன், இந்தத் தூய்மைப்படுத்தலையே தன் தொழிலாக்கி, கார் பம்பருக்கும் ஷாம்பு பாட்டிலுக்கும் ஏற்ற தரத்தில் மறுசுழற்சிக் குருணைகளைத் தயாரித்தது. பழைய பிளாஸ்டிக் வாளியாகவும் செருப்பாகவும் தரமிறங்கி முடிவதைவிட இது பலபடி மேல். ஆனால் அதன் விலையை நிர்ணயிப்பது அந்த நிறுவனம் அல்ல, கச்சா எண்ணெய். எண்ணெய் மலிந்தால் புதிய பிளாஸ்டிக் மலிகிறது, பழையதை வாங்க ஆளில்லாமல் போகிறது.

அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து தொழிலைக் காக்க வந்தது உற்பத்தியாளர் பொறுப்பு விதி. 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள், பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் நிறுவனங்கள் தாங்கள் சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக்குக்கு ஈடான மறுசுழற்சிச் சான்றுகளை வாங்க வேண்டும் என்றன. கெட்டிப் பிளாஸ்டிக் உறைகளில் மறுசுழற்சிப் பொருளின் பங்கு 2025-26-இல் 30 விழுக்காடாகத் தொடங்கி 2028-29-இல் 60 விழுக்காடாக உயர வேண்டும் என்றும் விதித்தன. இங்கே கூலி கொடுப்பவர் உற்பத்தியாளர். கொள்கையளவில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இல்லை. நடைமுறையில் 2023-இல் சில ஆலைகள் உருவாக்கிய சுமார் 6 லட்சம் போலிச் சான்றுகள் பிடிபட்டன. காகிதத்தில் மறுசுழற்சி செய்பவருக்குச் சுடுநீரும் காஸ்டிக் சோடாவும் செலவில்லை; அவர் விற்கும் விலையில் உண்மையாகக் கழுவி உருக்குபவரால் விற்க முடியாது.

மீதமுள்ள சிக்கல் பணத்தின் காலக்கணக்கு. துணிகர முதலீட்டு நிதிகள் பொதுவாகப் பத்தாண்டுகளுக்குள் பணத்தைப் பெருக்கித் திருப்பித் தரவேண்டியவை. செரிமானக் கலன் இருபது ஆண்டுகள் ஓடிச் சிறுகச் சிறுகச் சம்பாதிப்பது. 25 லட்சம் ரூபாயில் மாதிரிக் கலன் கட்டலாம். அடுத்த கட்டமான நாளொன்றுக்கு 50 டன் ஆலைக்கு, இந்தூரின் முதலீட்டு விகிதத்தை வைத்துப் பார்த்தாலே 13 கோடிக்கு மேல் வேண்டும். நீண்டகால வரத்து ஒப்பந்தமும் கொள்முதல் ஒப்பந்தமும் இல்லாமல் வங்கி அந்தக் கடனைத் தராது. நகராட்சிகளின் ஒப்பந்தப்புள்ளிகளோ முன்பு இதே அளவு ஆலையை நடத்திய அனுபவத்தைக் கேட்கின்றன. புதிய நிறுவனத்துக்கு அது இருக்க வழியில்லை. இதனால் பல முயற்சிகள் ஒரு வார்டில் சோதனை, இன்னொரு வார்டில் சோதனை என்று பரிசுகளோடு சுற்றிக்கொண்டிருக்கின்றன. கொள்முதல் பக்கத்தில் சிறு மாற்றம் தெரிகிறது. 2025-26 முதல் நகர எரிவாயு நிறுவனங்கள் தாங்கள் விற்கும் வாயுவில் 1 விழுக்காடு உயிரி எரிவாயுவைச் சேர்க்க வேண்டும். 2028-29-இல் இது 5 விழுக்காடாகும். வாயுவை வாங்க ஆள் இருப்பார் என்பதற்கு இது உத்தரவாதம். வரத்து ஒப்பந்தத்தில், வந்து சேரும் லாரியில் கலப்படம் இத்தனை விழுக்காட்டைத் தாண்டினால் திருப்பி அனுப்பலாம், அதற்கான அபராதத்தை நகராட்சி கட்ட வேண்டும் என்ற ஒற்றை வரியைச் சேர்க்க எத்தனை நகராட்சிகள் இசையும் என்பதைப் பொறுத்தே அந்த 5 விழுக்காட்டில் நகரக் குப்பையின் பங்கு அமையும். இசையாவிட்டால் ஒதுக்கீட்டைக் கரும்பாலைக் கழிவும் மாட்டுச் சாணமும் நிரப்பிக்கொள்ளும்.